பியர்-டு-பியர்: எதில் சமம்?

கடன் தரும் செயலி ஒன்று தன்னைப் பியர்-டு-பியர், அதாவது சமமானவரிடமிருந்து சமமானவருக்கு, என்று சொல்லிக்கொள்கிறது. பணம் அனுப்பும் செயலியும் அப்படியே. கோப்பு பகிரும் மென்பொருள், பிட்காயின், வீடியோ அழைப்பு எல்லாவற்றுக்கும் இதே பெயர்தான். வலையமைப்புகளோடு வேலை பார்க்கிறவன் என்பதால் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள்: "இது நிஜமாகவே பியர்-டு-பியர்தானா?" ஆமாம், இல்லை என்று சட்டென்று சொல்ல எனக்கு வருவதில்லை. பதிலுக்கு நான் ஒன்றைக் கேட்பேன்: எதில்? எந்த வேலையில் எல்லோரும் சமம்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான குழப்பம் விலகிவிடும். அதைக் கொஞ்சம் விரிவாக எழுதிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான ஏற்பாட்டில் இரண்டு தரப்பு உண்டு. கேட்பது கிளையன்ட், கொடுப்பது சர்வர். நீங்கள் ஒரு இணையப் பக்கத்தைத் திறக்கும்போது உங்கள் உலாவி கேட்கிறது, எங்கோ இருக்கும் சர்வர் கொடுக்கிறது. இந்தப் பாத்திரங்கள் மாறுவதே இல்லை. பியர்-டு-பியரில் ஒரே கணினி கேட்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும். 2009இல் வெளிவந்த ஆர்எஃப்சி 5694 என்ற இணைய ஆவணம் இதைத் தெளிவாக வரையறுக்கிறது: ஒரு சேவை நடப்பதற்கு அதில் பங்கேற்கும் உறுப்புகளே தங்கள் வளங்களைப் பகிர வேண்டும், அவை பிறரிடம் சேவை கேட்கவும் வேண்டும், பிறருக்குச் சேவை தரவும் வேண்டும். அப்படி இருந்தால் அது பியர்-டு-பியர்.

இந்த வரையறையில் எனக்குப் பிடித்தது, மையமே இருக்கக் கூடாது என்று அது சொல்லவில்லை என்பது. பலர் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். "நடுவில் யாரும் இல்லை" என்பதை இலக்கணமாக வைத்துக்கொண்டு தேடினால், நடைமுறையில் தேறுகிற அமைப்புகள் மிகக் குறைவு. எங்கோ ஓர் ஓரத்தில் ஒரு மையம் ஒட்டிக்கொண்டிருக்கும். எந்த வேலையை மையத்திடம் விட்டிருக்கிறார்கள், எந்த வேலையைப் பங்கேற்பாளர்களிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் பயனுள்ளது. நான் மூன்று வேலைகளாகப் பிரித்துப் பார்ப்பேன்: தேடிக் கண்டுபிடிப்பது, பொருளைக் கொண்டு சேர்ப்பது, எது சரி என்று முடிவு செய்வது.

இணையத்தின் தொடக்கத்தில் மையமா சமமா என்ற பேச்சுக்கே இடமில்லை. 1969இல், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் முதலில் இணைந்த நான்கு இடங்களும் ஒன்றுக்கொன்று சம அந்தஸ்தில் இருந்தன. எதுவும் எதையும் அழைக்கலாம். 1979இல் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இரண்டு மாணவர்கள் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய யூஸ்நெட் என்ற விவாத வலையிலும் செய்திகள் ஒரு கணினியிலிருந்து அண்டைக் கணினிக்கு நகலாகிப் போய்க்கொண்டே இருக்கும். தலைமைக் கணினி என்று ஒன்று கிடையாது. 1980களில் ஐபிஎம் தன் வலையமைப்பு நுட்பம் ஒன்றுக்கே பியர்-டு-பியர் என்று பெயரில் சேர்த்தது. 1992இல் விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ் வந்தபோது, தனி சர்வர் இல்லாமல் நாலைந்து கணினிகள் கோப்புகளையும் பிரின்டரையும் பகிர்ந்துகொள்வதற்கு இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். ஆக, பாட்டு இறக்குவதற்காகப் பிறந்த சொல் இல்லை இது.

ஆனால் ஊரெல்லாம் இந்தச் சொல் பரவியது பாட்டால்தான். 1999 ஜூனில் ஷான் ஃபேனிங் என்ற இளைஞர் பாட்டுப் பகிரும் நாப்ஸ்டர் மென்பொருளை வெளியிட்டார். அதற்குள் வீடுகளில் கோடிக்கணக்கான கணினிகள் வந்துவிட்டிருந்தன. தொலைபேசிக் கம்பி வழியே டயல்-அப்பில் இணையும் அந்தக் கணினிகளுக்கு நிலையான முகவரி கிடையாது. ஒவ்வொரு முறை இணையும்போதும் புது எண். அதனால் இணையத்தின் பார்வையில் அவை வெறும் வாடிக்கையாளர்கள். அவற்றின் வட்டுகளில் இருந்ததை வெளியே யாரும் எட்ட முடியாது. நாப்ஸ்டர் ஒரு வேலை செய்தது: எந்தக் கணினி இப்போது இணைந்திருக்கிறது, அதன் இந்த நேரத்து முகவரி என்ன, அதில் என்னென்ன பாட்டு இருக்கிறது என்று ஒரு மையப் பட்டியல் வைத்துக்கொண்டது. பாட்டு மட்டும் ஒரு பயனரின் கணினியிலிருந்து இன்னொரு பயனரின் கணினிக்கு நேராகப் போனது.

அதாவது, தேடுவதில் மையம். கொண்டு சேர்ப்பதில் சமம். எதில் சமம் என்ற கேள்வியின் அருமை இங்கே தெரியும். அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்கள் 1999 டிசம்பரிலேயே வழக்குப் போட்டன. பாட்டுகள் நாப்ஸ்டரின் கணினிகள் வழியாகப் போகவே இல்லை என்றாலும், பட்டியல் நாப்ஸ்டரின் கையில் இருந்தது. அனுமதியில்லாத பகிர்வைத் தடுக்க முடிந்தும் தடுக்கவில்லை என்று நீதிமன்றம் பார்த்தது. 2001 ஜூலையில் சேவை நின்றது. ஒரே ஒரு பட்டியலை நிறுத்தியதும் கோடிக்கணக்கான கணினிகள் ஒன்றையொன்று காண முடியாமல் போயின. அவற்றின் வட்டுகளில் பாட்டுகள் அப்படியேதான் இருந்தன.

இதற்குள் 2000 மார்ச்சில் ஜஸ்டின் ஃபிராங்கலும் டாம் பெப்பரும் நுடெல்லா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை வெளியிட்டிருந்தார்கள். அவர்கள் வேலை பார்த்த நல்சாஃப்ட், ஏஓஎல் என்ற பெரிய இணைய நிறுவனத்துக்குச் சொந்தமானது. ஏஓஎல் மறுநாளே அதை எடுக்கச் சொல்லிவிட்டது. அதற்குள் வெளியே போனது போனதுதான். நுடெல்லாவில் தேடுவதற்கும் மையம் இல்லை. உங்களுக்கு வேண்டியதை அண்டைக் கணினிகளிடம் கேட்பீர்கள். அவை தங்கள் அண்டைகளிடம் கேட்கும். வழக்கமாக ஏழு தாவல் வரை கேள்வி பரவும். ஒவ்வொன்றுக்கும் நான்கு அண்டை என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரே கேள்விக்கு 4,372 பிரதிகள் வரை வலையில் ஓடும். எல்லோரும் கேட்கத் தொடங்கினால் வலையே கேள்விகளால் நிரம்பிவிடும். அப்படித்தான் ஆனது. டயல்-அப் கணினிகள் பிறர் கேள்விகளைச் சுமந்தே மூச்சு வாங்கின.

அப்புறம் வந்த தீர்வு என்னை இன்றும் வியக்க வைக்கிறது. 2001இல் கார்டு, கேன், பேஸ்ட்ரி, டேப்பஸ்ட்ரி என்று நான்கு ஆய்வுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே எண்ணத்துக்கு வந்தன. அடுத்த வருடம் பெடார் மேமௌன்கோவ், டேவிட் மாசியேர்ஸ் இருவரும் அதே வகையில் கடெம்லியா என்ற முறையை வெளியிட்டார்கள். எண்ணம் இதுதான்: ஒவ்வொரு கணினிக்கும் ஒரு நீளமான எண் கொடு; ஒவ்வொரு தகவலுக்கும் அதே வகையில் ஒரு எண் கொடு. எந்தக் கணினியின் எண் தகவலின் எண்ணுக்கு அருகில் இருக்கிறதோ, அந்தத் தகவலைக் காப்பது அதன் பொறுப்பு. முழுப் பட்டியல் யாரிடமும் இருக்காது. ஒவ்வொருவரும் தன் அருகில் இருப்பவர்களை அதிகமாகவும் தொலைவில் இருப்பவர்களைக் கொஞ்சமாகவும் தெரிந்துவைத்திருப்பார்கள். தேடும்போது ஒவ்வொரு படியிலும் மிச்சத் தூரம் குறைந்தது பாதியாகும். பத்து லட்சம் கணினிகள் இருந்தாலும் இருபது படிகளுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். இருபது கோடி கணினிகள் ஆனால்? இன்னும் எட்டுப் படிகள் கூடும், அவ்வளவுதான். ஒருவரும் முழுமையாக அறியாத ஒரு பட்டியலை எல்லோருமாகச் சேர்ந்து வைத்திருக்கிறார்கள். கணினி அறிவியலில் நான் மிகவும் நேசிக்கும் எண்ணங்களில் இது ஒன்று.

கொண்டு சேர்க்கும் வேலைக்கு வருவோம். 2001இல் பிராம் கோஹன் எழுதிய பிட்டாரன்ட், இந்த வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு மிக நன்றாகச் செய்தது. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு ஜிகாபைட் கோப்பை ஆயிரம் பேருக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் சர்வரால் நொடிக்கு 100 மெகாபிட் அனுப்ப முடியும். ஒரு ஜிகாபைட் என்பது 8,000 மெகாபிட். ஆயிரம் பிரதிகள் அனுப்ப 80,000 நொடிகள், அதாவது 22 மணி நேரத்துக்கும் மேல். இரண்டாயிரம் பேர் வந்தால் 44 மணி நேரம்.

இப்போது வாங்குகிற ஒவ்வொருவரும் நொடிக்கு 10 மெகாபிட் பிறருக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய இறக்கும் வேகம் அதைவிடப் பல மடங்கு அதிகம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சர்வரின் 100 மெகாபிட்டோடு அவர்களுடைய 10,000 மெகாபிட்டும் சேர்வதால், ஆயிரம் பேருக்கும் போய்ச் சேர ஏறக்குறைய 13 நிமிடம் போதும். இரண்டாயிரம் பேர் வந்தால்? அப்போதும் 13 நிமிடம்தான். வருகிற ஒவ்வொருவரும் தேவையோடு கூடவே திறனையும் கொண்டுவருகிறார்கள். கூட்டம் கூடக்கூடச் சர்வர் திணறும். பியர்-டு-பியரில் கூட்டம்தான் பலம். நடைமுறையில் இவ்வளவு துல்லியமாக அமையாது என்றாலும் போக்கு இதுவேதான். லினக்ஸ் இயங்குதள வெளியீடுகளை பிட்டாரன்ட் வழியாகவும் கொடுப்பது இதனால்தான். புது வெளியீடு வரும் நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். ஒரு தன்னார்வத் திட்டத்தின் சர்வர் அதைத் தனியாகத் தாங்க வேண்டியதில்லை. என் கணினி சும்மா இருக்கும் நேரத்தில் அந்தக் கோப்புகளை நான் பகிர்ந்துகொண்டிருப்பேன். அறிமுகமே இல்லாத ஒருவருக்கு என்னிடமிருந்து ஒரு துண்டு போகிறது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு.

எல்லோரும் அப்படிப் பகிர்வார்களா என்பது அடுத்த கேள்வி. நுடெல்லாவை 2000இல் ஆராய்ந்த ஏடாரும் ஹூபர்மனும் கண்டது இது: ஏறக்குறைய 70 சதவீதம் பேர் ஒரு கோப்பைக்கூடப் பகிரவில்லை, கிடைத்த விடைகளில் பாதியளவு, முதல் ஒரு சதவீதக் கணினிகளிடமிருந்து வந்தது. பெயரில் எல்லோரும் சமம். நடப்பில் சிலர் சர்வர், மற்றவர்கள் வாடிக்கையாளர்.

கோஹன் இதை நல்லெண்ணத்திடம் விடவில்லை. பிட்டாரன்ட்டில் கோப்பு சிறு துண்டுகளாக வெட்டப்படும். உங்கள் மென்பொருள், தனக்கு நன்றாக அனுப்புகிற சிலருக்கு மட்டும் அனுப்பும்; பத்து நொடிக்கு ஒருமுறை அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்க்கும். கொடுக்காதவருக்கு வேகம் குறையும். அப்படியே விட்டால் புதிதாக வருபவருக்கு ஒன்றும் கிடைக்காது, அவரிடம்தான் கொடுக்க எதுவுமே இல்லையே. அதற்காக முப்பது நொடிக்கு ஒருமுறை, எதுவும் எதிர்பார்க்காமல், யாரோ ஒருவருக்குக் கொடுத்துப் பார்க்கும். கூடவே இன்னொரு விதி: கூட்டத்தில் எந்தத் துண்டு மிக அரிதாக இருக்கிறதோ அதை முதலில் வாங்கு. முழுக் கோப்பு வைத்திருந்தவர் திடீரென்று போய்விட்டாலும், மிச்சமிருப்பவர்களிடம் எல்லாத் துண்டுகளும் இருக்கும் வாய்ப்பு இதனால் கூடும். வாங்குகிறவரைக் கொடுக்கிறவராகவும் ஆக்குவதற்கு என்ன விதி வேண்டும் என்று யோசித்து எழுதிய அமைப்பு இது. பியர் என்ற சொல்லுக்கு இதைவிட நேர்மையான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, மூன்றாவது வேலை. எது சரி என்று யார் முடிவு செய்வது? கோப்பு விஷயத்தில் இது எளிது. ஒவ்வொரு துண்டுக்கும், அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட ஒரு ஹாஷ் எண் இருக்கும். யார் அனுப்பினாலும் எண் பொருந்தினால் சரி, இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால் "இந்தப் பணம் யாருடையது?" என்ற கேள்விக்கு அப்படி ஒரு எண் கிடையாது. ஓட்டுப் போட்டு முடிவெடுக்கலாம் என்றால், ஒரே ஆள் ஆயிரம் கணினிகளாக வேஷம் போட்டு வரலாம். இதற்குச் சிபில் தாக்குதல் என்று பெயர். ஜான் டூசர் 2002இல் இதைப் பற்றி எழுதினார். அடையாளம் தருகிற ஒரு மையம் இல்லாவிட்டால் நடைமுறையில் இதைத் தடுப்பது மிகக் கடினம் என்றார்.

2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான பிட்காயின் கட்டுரை, தலைப்பிலேயே பியர்-டு-பியர் என்ற சொல்லை வைத்திருந்தது. தகுதியோடுதான் வைத்தது. ஓட்டைத் தலைக்கு ஒன்று என்று எண்ணாமல், செய்த கணக்கு வேலையின் அளவை வைத்து எண்ணியது. ஆயிரம் வேஷம் போடுவது இலவசம். ஆயிரம் கணினியின் மின்சாரம் இலவசமில்லை. வலையில் உள்ள ஒரு முழுமையான கணினி, அதாவது கணு, தன்னிடம் வரும் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் தானே சரிபார்க்கும். முடிவு செய்வதில் சமம் என்பது இதுதான். இதற்கு உலகம் கொடுக்கும் மின்சார விலை நியாயமா என்று கேட்டால், எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. இன்னொன்றும் உண்டு: பிட்காயின் வைத்திருக்கும் பலர் அதை ஒரு சந்தை நிறுவனத்தின் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். அப்போது அவர்களுக்கும் பணத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு நிறுவனத்தின் சர்வர். அடியில் உள்ள வலை பியர்-டு-பியர். அவர்கள் அதில் பியர் இல்லை.

இதே கேள்வியைக் கடன் செயலியிடம் கேட்டுப் பார்க்கலாம். 2005இல் பிரிட்டனில் தொடங்கிய ஸோப்பாதான் இந்த வகையின் முன்னோடி. பணம் வைத்திருக்கும் தனிநபரையும் கடன் வேண்டும் தனிநபரையும் சேர்த்து வைத்தது. கடன் வாங்குபவரின் தகுதியைப் பார்ப்பது, ஒப்பந்தம் போடுவது, தவணை வசூலிப்பது எல்லாம் நிறுவனத்தின் வேலை. தேடுவதும் முடிவு செய்வதும் கொண்டு சேர்ப்பதும் மையத்திடம்தான். பணமும் அதன் நட்டமும் மட்டும் பங்கேற்பாளர்களிடம். 2021இல் ஸோப்பா அந்தச் சேவையை நிறுத்தியது. வங்கிக்குப் பதில் தனிநபர் பணம் என்ற பொருளில் அந்தப் பெயர் பொய்யில்லை. ஆனால் வலையமைப்புக்காரர்கள் சொல்லும் பொருளோடு அதைக் கலந்துவிடக் கூடாது. "நடுவில் யாருமில்லை, அதனால் பாதுகாப்பு" என்று நினைத்துப் பணம் போடுகிறவர், நடுவில் இருப்பவரை நம்பித்தான் போடுகிறார்.

இன்னும் இரண்டு கலப்படங்களை இங்கே சொல்லியாக வேண்டும். 1999 மேயில் தொடங்கிய செட்டி@ஹோம் திட்டத்தில் லட்சக்கணக்கான வீட்டுக் கணினிகள் வேற்றுக்கிரகச் சமிக்ஞைகளைத் தேடின. அருமையான திட்டம். ஆனால் அந்தக் கணினிகள் ஒன்றோடொன்று பேசவே இல்லை. மையத்திடம் வேலை வாங்கி மையத்திடமே திருப்பிக் கொடுத்தன. வேலை பரவியிருந்தால் மட்டும் பியர்-டு-பியர் ஆகிவிடாது. இரண்டாவது, முனைக்கு முனை மறையாக்கம். செய்தியை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பது வேறு, செய்தி நடுவில் யார் வழியாகவும் போகவில்லை என்பது வேறு. இன்று பரவலாக உள்ள மறையாக்க அரட்டைச் செயலிகள் சர்வர் வழியாகத்தான் செய்தியை அனுப்புகின்றன. நேர்மாறாக, நிஜமான பியர்-டு-பியர் இணைப்பில் உங்கள் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பைக் குறிக்கும் எண், எதிராளிக்குத் தெரியும். அந்தரங்கம் வேண்டும் என்பவர் இதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏன் எல்லாம் மறுபடி மையத்துக்கே திரும்புகின்றன? இணையவழி அழைப்புச் செயலியான ஸ்கைப்பின் கதை இதற்கு நல்ல விடை. 2003இல் வந்தபோது, நல்ல இணைப்புள்ள பயனர்களின் கணினிகளையே, மற்றவர்களைச் சேர்த்துவைக்கும் சூப்பர்நோடுகளாக்கி வலையை நடத்தியது. 2007 ஆகஸ்டில் ஒரு விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பின் ஏகப்பட்ட கணினிகள் குறுகிய நேரத்தில் மறுதொடக்கம் ஆயின. சூப்பர்நோடுகளும் அவற்றில் அடக்கம். எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையப் பார்க்க, மென்பொருளில் மறைந்திருந்த ஒரு பிழை வெளிப்பட்டு, சேவை இரண்டு நாள் வரை தடுமாறியது. அதற்குள் ஸ்கைப்பை வாங்கியிருந்த மைக்ரோசாஃப்ட், 2012 வாக்கில் சூப்பர்நோடுகளைத் தன் சொந்தக் கணினிகளுக்கு மாற்றிக்கொண்டது. ஸ்பாட்டிஃபையும் தொடக்கத்தில் பயனர் கணினிகளிடையே பாட்டைப் பரிமாறி, 2014இல் அதை விட்டது. சர்வர் மலிவானதும், பிறர் கணினிகளின் நிச்சயமின்மையைச் சகித்துக்கொள்ளும் அவசியம் நிறுவனங்களுக்குப் போய்விட்டது.

அதைவிட ஆழமான காரணம் முகவரி. ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதற்கு முன்பே 1994 முதல் நாட் என்ற ஏற்பாட்டால், பல கணினிகள் ஒரே முகவரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத் தொடங்கிவிட்டன. உள்ளிருந்து வெளியே மட்டும் திறக்கும் கதவு போன்றது அது. நீங்கள் யாரையும் அழைக்கலாம்; உங்களை யாரும் அழைக்க முடியாது. இரண்டு பக்கமும் அப்படிக் கதவு இருந்தால், இருவருக்கும் தெரிந்த மூன்றாவது ஒருவர் "இருவரும் இப்போது ஒரே நேரத்தில் திறங்கள்" என்று சொல்லித்தர வேண்டும். வெப்ஆர்டிசி என்ற நுட்பத்தால் உலாவியில் நடக்கும் வீடியோ அழைப்புகள் அப்படித்தான் தொடங்குகின்றன. சேர்த்துவைக்க ஒரு சர்வர், உங்கள் வெளி முகவரியைச் சொல்ல ஒரு ஸ்டன் சர்வர், ஒன்றும் பலிக்காவிட்டால் எல்லாவற்றையும் சுமந்துபோக ஒரு டர்ன் சர்வர். இருவர் நேராகப் பேசுவதற்கு இத்தனை பேரின் தயவு. வீட்டு இணைப்புகள் பலவற்றில் இறக்கும் வேகம் அதிகமும் ஏற்றும் வேகம் குறைவுமாக இருப்பதும் இதே கதைதான். நீங்கள் வாங்குகிறவர் என்று முடிவுசெய்து போடப்பட்ட கம்பி அது.

ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை இதில் பாதியைச் சரிசெய்கிறது. முகவரிக்கு 128 பிட். ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் கொடுத்தாலும் தீராது. என் வீட்டுக் கணினிக்கும் இப்போது அப்படி ஒரு முகவரி இருக்கிறது. ஆனால் வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பைத் தடுத்துவைத்தே வருகின்றன. பாதுகாப்புக்காகச் செய்வது, அதைக் குறை சொல்ல மாட்டேன். யாருக்குத் திறப்பது என்பதை வீட்டுக்காரர் எளிதாகச் சொல்ல ஒரு வழி இருந்தால் போதும். இப்போது அது ரவுட்டர் அமைப்புகளில் நாலாவது பக்கத்தில், வலையமைப்பு படித்தவருக்கு மட்டும் புரிகிற மொழியில் இருக்கிறது. செல்பேசியில் நிலைமை இன்னும் மோசம். திரை அணைந்த சிறிது நேரத்தில் பின்னணிச் செயலிகளை இயங்குதளம் நிறுத்திவைக்கும். மின்கலத்துக்காக அது தேவைதான். உலகில் பெரும்பாலானவர்கள் கையில் இருக்கும் கணினி அதுதான் என்பதால், அடுத்த பியர்-டு-பியர் அமைப்பை எழுதுகிறவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும் பியரை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டியிருக்கும். ஒரே ஆளின் இரண்டு கருவிகளுக்குள் கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்திங் போன்ற மென்பொருள்கள், ஒரு கருவி விழிக்கும்வரை மற்றது பொறுத்திருந்து, கண்டதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன. முன்பின் தெரியாதவர்களுக்கிடையே அதைச் செய்வதுதான் இன்னும் கடினமாக இருக்கிறது.